இராஜேந்திரன் எழுதிய படிக்கட்டு

பாரிஸின் லா சப்பலில் இராஜேந்திரனைத் தெரியாத தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் பிரான்ஸ் வந்து சேராதவர்களாக இருக்க வேண்டும். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து மேலே நடந்தால், ஒரு சேலைக் கடைக்கும் ஒரு நகைக் கடைக்கும் நடுவில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் அவருடைய கடை வரும். முன்பக்கத்தில் சிம் கார்ட், சூட்கேஸ், சாம்பிராணி. பின்பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பழைய கணினி. முன்பக்கம் வாடகையைக் கட்டியது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது பின்பக்கம். அங்கே இருந்துதான் அவர் சனங்களுக்குக் கேஸ் எழுதினார்.

கேஸ் என்றால் அகதி விண்ணப்பத்தோடு கொடுக்கிற கதை. ஊரில் என்ன நடந்தது, யார் தேடினார்கள், ஏன் திரும்பிப் போக முடியாது என்று பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும். இராஜேந்திரனின் மேசைக்கு வந்தவர்கள் உண்மையைக் கொண்டுதான் வந்தார்கள். போகும்போது அதைவிடத் திறமான ஒன்றைக் கொண்டுபோனார்கள்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. முதன்முதல் பாரிஸ் வந்தபோது தன் கேஸைத் தானே எழுதியவர் அவர். அண்ணனை வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை, அடுத்தது நான் என்று அம்மா அனுப்பிவிட்டா. அவ்வளவுதான். நடந்ததும் அவ்வளவுதான். பதில் வந்தது: விவரம் போதாது, நம்பும்படியாக இல்லை, நிராகரிக்கப்படுகிறது. அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன நாளில் இன்னும் கொஞ்சம் விவரமாக நடந்திருக்கலாம் என்று விண்ணப்பம் பார்க்கிற அந்தக் கந்தோருக்கு ஆசை போல. அப்பீலில் ஒரு ஜீப், அதன் நிறம், ஒரு குரைக்கிற நாய், மீசை வைத்த அதிகாரி ஒருவர் எல்லாரையும் இராஜேந்திரன் சேர்த்துக்கொண்டார். அகதி என்று ஏற்று வதிவிட கார்ட் கிடைத்தது. அன்றைக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வெள்ளைக்காரனுக்கு உண்மையைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. சமைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

காலப்போக்கில் கேஸ் எழுத வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். தொழில் படுத்த மனிதருக்கு ஒரு பதவி வேண்டும் அல்லவா? செம்பருந்து விளையாட்டுக் கழகத்தின் பிரான்ஸ் கிளைக்கு அவர் தலைவரானார். பாரிஸில் யாழ்ப்பாணத்து ஊர்களின் பெயரில் எத்தனையோ உதைபந்தாட்டக் கழகங்கள் உண்டு. ஊரில் பக்கத்து வளவுக்காரனோடு பேசாதவர்கள் இங்கே வந்து அவனை மைதானத்தில் காலால் அடிப்பதற்கு வசதியாக அவற்றை அமைத்திருக்கிறார்கள். செம்பருந்துக்கு ஒரு தலைவர், மூன்று உப தலைவர்கள், ஒரு போஷகர், ஒரு கௌரவ போஷகர். பொருளாளர் மட்டும் பாண்டிச்சேரிக்காரர். மேரியில், அதாவது நகரசபையில், வேலை செய்து ஓய்வுபெற்ற பெர்னார். ஊர்க்காரன் யாரிடமும் காசுப் பெட்டியைக் கொடுக்க ஊர்க்காரர்களுக்கு மனம் வரவில்லை என்பதைத் தவிர அந்தத் தெரிவுக்கு வேறு விளக்கம் கிடையாது.

இந்தக் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வரும் பொடியன் ஓகஸ்ட் முழுக்க, பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெய் மைதானத்தில் நடக்கும் பயிற்சி முகாமில் ஓட வேண்டும், விழ வேண்டும், பழைய ஆட்டக்காரர்களிடம் உதை வாங்க வேண்டும். ஆனால் அவனுக்கு லிசான்ஸ் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். லிசான்ஸ் என்றால் இன்ன கழகத்து ஆட்டக்காரன் என்று உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் பதிகிற அட்டை. காயப்பட்டால் கிடைக்கிற காப்புறுதியும் அதோடுதான் வரும். ரூ பஜோல் தெருப் பிள்ளையாரின் தேர் ஓடி முடிந்த பிறகு, சுவாமியின் காலடியில் வைத்து எடுத்த ஜேர்சியோடு சேர்த்துத்தான் கையெழுத்து. அதுவரைக்கும் அவன் யாருமில்லை. முகாமின் முதல் நாள் மட்டும் புதியவர்களின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி ஓர் அருச்சனை செய்விப்பார் இராஜேந்திரன். ஆக, பிள்ளையாருக்குத் தெரிந்த பிள்ளைகளைச் சம்மேளனத்துக்குத் தெரியாது.

அந்த வருடம் அப்படி வந்தவன் யதுர்ஷன். இங்கேயே பிறந்து வளர்ந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை. ஒரு களஞ்சியத்தில், நாளுக்கு நாள் கூப்பிட்டால் போகிற வேலை. பந்து காலில் பட்டால் மட்டும் வேறு ஆள். அவனுடைய தாய் யோகராணி, இராஜேந்திரனின் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தட்டுகிறவர். மகன் முகாமுக்குப் போவதற்கு முதல் நாள், கையில் மாவோடேயே வந்து நின்றார்.

"அண்ணை, உங்கடை காம்பிலை இவன் காலைக் கீலை முறிச்சா ஆர் பாக்கிறது?"

"கழகம் பாக்கும் தங்கச்சி."

"கழகம் எண்டா ஆர்?"

"கழகம் எண்டா நான்தான்."

"அப்ப லிசான்ஸை இப்பவே எடுத்துக் குடுங்கோவன்."

"தேர் முடியட்டும். இது வழமை. என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

இராஜேந்திரன் சிரித்தார். நம்பிக்கையைப் பற்றிக் கேட்டுவிட்டால் யாழ்ப்பாணத்துச் சனம் அதற்கு மேல் வாய் திறக்காது என்பது அவருக்குத் தெரியும். யோகராணியும் மாவைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

தேருக்குச் சில கிழமைகள் இருக்கும்போது அது நடந்தது. யதுர்ஷன் இரண்டு பேரைக் கடந்து போனான். மூன்றாவதாக நின்றவன் கழகத்தின் மூத்த ஆட்டக்காரன் கிருஷிகன். புதியவர்களுக்கு மரியாதை கற்றுக்கொடுப்பதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டவன். பந்து ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் போனது. யதுர்ஷன் கத்தவில்லை. புல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். முழங்கால் பார்த்துக்கொண்டிருக்கவே வீங்கியது. கிருஷிகன்தான் அழுதான்.

ஆஸ்பத்திரியில் ஆன்ஜெலிக் என்ற தாதி, எப்படி நடந்தது என்று கேட்டாள். யதுர்ஷன் வாயைத் திறந்தான். அவனுடைய பிரெஞ்சு அந்தத் தாதியின் பிரெஞ்சைவிட நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, நீர் சும்மா இரும், நான் கதைக்கிறன்" என்றார் அவனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த இராஜேந்திரன்.

லிசான்ஸ் இல்லாத பொடியனை மைதானத்தில் இறக்கினேன் என்று எந்தத் தலைவன் சொல்வான்? கழகத்தை மூடிவிடுவார்கள், தன்னைக் கோர்ட்டுக்கு இழுப்பார்கள், அடுத்த ஊர்க் கழகத்துக்காரன் சந்தோஷத்தில் பால் காய்ச்சிக் குடிப்பான். ஆகவே இராஜேந்திரன் சொன்னார்: பொடியன் என் வீட்டுக்கு வந்தவன், படியில் விழுந்துவிட்டான். யதுர்ஷன் அவரைப் பார்த்தான். வலியில் இருந்தவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

முழங்காலுக்குள் சவ்வு அறுந்திருந்தது. வெட்டித் தைக்க வேண்டும், பிறகு மாதக்கணக்கில் கால் ஊன்றாமல் இருக்க வேண்டும் என்றார்கள். வெட்டுகிற செலவை அரசாங்கம் பார்க்கும். கூப்பிட்டால் போகிற வேலைக்காரன் போகாமல் இருக்கும் மாதங்களை யார் பார்ப்பது? களஞ்சியத்தில் அடுத்த நாளே இன்னொருவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாடகை யோகராணியின் இரண்டு கைகளில் வந்து நின்றது.

சுகாதாரக் காப்புறுதிக் கந்தோரிலிருந்து விபத்து எப்படி நடந்தது என்று கேட்டுக் கடிதம் வந்தபோது இராஜேந்திரனுக்கு உள்ளூர ஒரு புளுகம், பெரிய சந்தோஷம். எத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு கேஸ். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கேஸில் பாதி உண்மையாக இருக்க வேண்டும், அதுவும் விசாரித்தால் அகப்படுகிற பாதியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம். ஆர்ஜொந்தெய்யில் அவர் இருக்கும் அடுக்குமாடியில் அந்தக் கிழமை லிப்ட் உண்மையாகவே பழுது. ஆகவே யதுர்ஷன் படியால் ஏறினான். நாலாம் மாடித் திருப்பத்தில் மின்குமிழ் எரியவில்லை. யாரோ அப்போதுதான் படியைக் கழுவிவிட்டிருந்தார்கள், எலுமிச்சை வாசம் கூட வந்தது. பொடியனின் கையில் தாய் கொடுத்துவிட்ட ரொட்டிப் பார்சல். அதைக் கீழே விடக்கூடாது என்று பார்த்ததில் கைபிடியைப் பிடிக்கத் தவறினான். ரொட்டிப் பார்சலை எழுதியபோது இராஜேந்திரனே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அதோடு விட்டாரா? முகாமில் இருந்த ஆட்டக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, அந்த நேரம் தாங்களும் இராஜேந்திரன் வீட்டில் இருந்ததாகவும், சத்தம் கேட்டு ஓடிப் போனதாகவும் கையெழுத்து வாங்கினார். கிருஷிகன் முதல் ஆளாகப் போட்டான். மைதானத்துக்குப் பொறுப்பான கந்தோருக்கு, வெயில் கடுமை காரணமாக அன்று பயிற்சி நடக்கவில்லை என்று ஒரு மின்னஞ்சலும் போனது. எல்லாவற்றுக்கும் கீழே யதுர்ஷன் கையெழுத்துப் போட வேண்டும். அவன் வாசித்தான். பிரெஞ்சில் ஏதோ சொன்னான்.

"என்ன சொல்லுறான்?" என்று யோகராணி கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கு எண்டுறான்" என்றார் இராஜேந்திரன்.

அவன் சொன்னது, நான் ரொட்டி சாப்பிடுவதில்லை என்பது. ஆனாலும் போட்டான். பெரியவர்கள் சொன்னால் பேசாமல் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு அவனை நன்றாகத்தான் வளர்த்திருந்தார்கள்.

தேர் வந்தது. ரூ பஜோல் முழுக்கச் சனம், தேங்காய், காவடி, தண்ணீர்ப் பந்தல். செம்பருந்துக் கழகத்துப் புதியவர்கள் ஜேர்சியும் லிசான்ஸ் கையெழுத்துமாக நின்றார்கள். யதுர்ஷன் ஊன்றுகோலோடு ஒரு கடைவாசலில் சாய்ந்து நின்றான். அவனுக்கு ஜேர்சி இல்லை. ஓட முடியாதவனுக்கு ஜேர்சி எதற்கு என்று உப தலைவர்களில் ஒருவர் கேட்டிருந்தார்.

அப்போதுதான் பாண்டிச்சேரியிலிருந்து அன்று காலை திரும்பியிருந்த பொருளாளர் பெர்னார், பொடியனின் காலைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவனிடமே பிரெஞ்சில் கேட்டார். அவன் சொன்னான். பெர்னார் நேரே இராஜேந்திரனிடம் வந்தார். தலைவரை அவர் பிரெசிதான் என்று பிரெஞ்சிலேதான் கூப்பிடுவார்.

"என்னங்க பிரெசிதான், கேம்ப்புல அடிபட்டதுன்னு சொல்றான். அசூரான்ஸுக்கு எழுதிட்டீங்களா?"

"அவனுக்கு லிசான்ஸ் இல்லை, பெர்னார். அசூரான்ஸ் எங்கத்தையால்?"

"லிசான்ஸ் எதுக்குங்க? கிரவுண்டு வாடகைக்கு எடுக்கிறப்ப மேரில அசூரான்ஸ் கேட்டாங்களே, நான் எடுத்துக் குடுத்தேனே. சேர்ந்தவன், சேராதவன், சும்மா ஒரு நாள் ஆடிப்பாக்க வந்தவன், எல்லாருக்கும் உண்டு. வேலைக்குப் போக முடியாத மாசத்துக்கும் குடுப்பான். கையெழுத்து போட்டது நீங்கதானே, படிக்கலியா?"

இராஜேந்திரன் படிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குத் தாள் எழுதிக் கொடுத்தவர் அவர். எழுதுகிறவர்களுக்கு வாசிக்க நேரம் இருப்பதில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளையைப் பேச விட்டிருந்தாலே போதும். தேரின் வடம் அவருக்குப் பக்கத்தால் இழுபட்டுப் போனது. கையெடுத்துக் கும்பிடவும் மறந்து நின்றார். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. இதை அவருடைய நன்மைக்குத்தான் எழுதுகிறேன். இவ்வளவு நேரமும் நான் எழுதியதைப் பார்த்தால் அவருக்கு வெட்கம் என்றொன்று இருப்பதாகவே உங்களுக்குத் தோன்றியிருக்காது.

அடுத்த நாள் அதே மேசையில் அவர் அந்த மைதானக் காப்புறுதிக்கு உண்மையை எழுதத் தொடங்கினார். அது வரவில்லை. பயிற்சி நடந்தது என்று எழுதினார். பொடியன் பந்தோடு ஓடினான். இன்னொருவன் மறித்தான். விழுந்தான். முழங்கால் வீங்கியது. இதற்குப் பிறகு என்ன எழுதுவது? புல்லின் வாசத்தைப் பற்றி ஒரு வரி எழுதி, அது எலுமிச்சை வாசத்தை ஞாபகப்படுத்தவே வெட்டினார். முன்னே சொன்னது பொய், பொடியனுக்கு அதில் பங்கு இல்லை, சொல்லிக் கொடுத்தது நான் என்றும் எழுதினார். அந்த வரியை எழுத மட்டும் அரை நாள் பிடித்தது. ஆட்டக்காரர்கள் மறுபடியும் வந்து, தாங்கள் படியில் அல்ல, மைதானத்தில்தான் பார்த்தோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். கிருஷிகன் இந்த முறையும் முதல் ஆள். கையெழுத்துப் போடுவதில் அவனுக்கு எப்போதும் தயக்கமே கிடையாது.

காப்புறுதிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கும் சுகாதாரக் கந்தோருக்கும் கொடுத்த தாள்களையும் கேட்டு வாங்கினார்கள். மாதக்கணக்கில் யோசித்தார்கள். அதற்குள் யதுர்ஷனின் முழங்காலை வெட்டித் தைத்தாயிற்று. குளிரும் வந்துவிட்டது. யோகராணி மத்தியானம் ரொட்டியும், பின்னேரத்தில் இன்னொரு கடையில் பாத்திரமுமாக நின்றார்.

காப்புறுதிக்காரர்களின் கடிதம் வந்ததும் பிரித்துப் பார்க்காமலே யோகராணி அதை இராஜேந்திரனின் கடைக்குக் கொண்டுவந்தார். யதுர்ஷனும் ஊன்றுகோலோடு பின்னால் வந்து நின்றான்.

"இவனை வாசிக்கச் சொன்னனான். நீங்கள்தானாம் வாசிக்க வேணும். வாசியுங்கோ அண்ணை. ஒண்டும் விடாமல்."

இராஜேந்திரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் பந்தியிலிருந்து வாசித்தார். முதல் வாக்குமூலம் விவரமானது, முன்னுக்குப் பின் முரணற்றது, சாட்சிகளால் உறுதியானது. லிப்ட் பழுதாக இருந்ததைக் கட்டட நிர்வாகமும் உறுதிப்படுத்தியுள்ளது. அன்று பயிற்சி நடக்கவில்லை என்பதைக் கழகமே எழுத்தில் அறிவித்துள்ளது. அதோடு ஒப்பிடும்போது இரண்டாவது வாக்குமூலம்...

அவர் நிறுத்தினார்.

"இரண்டாவது?" என்றார் யோகராணி.

இரண்டாவது, விவரம் போதாது, நம்பும்படியாக இல்லை. அதே வார்த்தைகள். அண்ணனைப் பற்றி எழுதியதற்கு வந்த அதே வார்த்தைகள், வரிசை கூட மாறவில்லை. இந்த நாட்டில் இராஜேந்திரன் இரண்டே தடவை உண்மை எழுதியிருக்கிறார். இரண்டு தடவையும் அவருக்கு எழுதத் தெரியவில்லை என்று பதில் வந்திருக்கிறது. முன்னர் எத்தனையோ பேருக்குக் கடிதம் வாசித்துச் சொன்னபோது நோகிற வரியைத் தாண்டிப் போயிருக்கிறார். இந்த முறை தாண்டவில்லை. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

யோகராணி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப படியிலைதான் விழுந்தவனாமோ?"

"ஓம் தங்கச்சி."

"நல்லா எழுதியிருக்கிறியள்."

சுட்டது. இராஜேந்திரன் தண்ணீர்ப் போத்தலைத் தேடினார். பிறகு தொழில் பழக்கம் வாயில் வந்து நின்றது.

"அப்பீல் போடலாம். இல்லாட்டி, இப்ப படியிலை விழுந்தவன் எண்டு அவையளே சொல்லுகினம்தானே, அந்தக் கட்டடக்காரரின்ரை அசூரான்ஸிட்டை..."

"அண்ணை." யோகராணி கையை மேசையில் வைத்தார். மாவு காய்ந்து விரலிடுக்கில் வெடித்திருந்தது. "இனி ஒண்டும் எழுதாதையுங்கோ. காலை முறிச்சா ஆர் பாக்கிறது எண்டு கேட்டனான். கழகம் எண்டியள். கழகம் எண்டா ஆர் எண்டு கேட்டனான். ஞாபகம் இருக்கோ?"

இராஜேந்திரனுக்கு ஞாபகம் இருந்தது. ஜீப்பும் நாயும் மீசையும் இல்லாமல், அவர் சொன்ன ஒரே ஒரு வரி. நான்தான்.

அவர் கடையைப் பார்த்தார். சூட்கேஸ்களைப் பார்த்தார். பின்பக்க மேசையைப் பார்த்தார். இப்போது அங்கே வருகிறவர்களுக்கு அகதிக் கேஸ் கிடையாது. குடும்பக் கொடுப்பனவு, வீட்டு விண்ணப்பம், பாஸ்போட் என்று கணினியில் நிரப்ப வேண்டிய வேலைதான். அவருடைய கண்ணுக்கும் பிரெஞ்சுக்கும் அது சரிவரவும் இல்லை.

"தம்பி இஞ்சை வந்து இருக்கட்டும்" என்றார். "காலை அந்தப் பெட்டியிலை நீட்டி வைக்கலாம். இருந்துகொண்டு செய்யிற வேலை. சம்பளம் நான் குடுக்கிறன். கால் சுகம் வந்தாப் பிறகும் இருக்கலாம்."

யோகராணி மகனைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியது. யதுர்ஷன் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி மேசைக்குப் பக்கத்தில் போனான். இராஜேந்திரனுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அந்த ஆறுதலில் கதிரையைத் தானே இழுத்துத் துடைத்து வைத்தார்.

"இரும் தம்பி, இரும். திங்கக்கிழமையே துவங்குவம். முதலிலை ஒரு மூண்டு கிழமை சும்மா இருந்து பாரும். எப்பிடிப் போகுது எண்டு பாத்து, பிறகு பேப்பரெல்லாம்..."

சொல்லி முடிக்கும்போதுதான் தான் என்ன சொல்கிறோம் என்று இராஜேந்திரனுக்குக் கேட்டது.

யதுர்ஷன் கதிரையைப் பார்த்தான். இருக்கவில்லை. ஒரு காலிலும் இரண்டு ஊன்றுகோலிலும் நிமிர்ந்து நின்றான்.

"கொந்த்ராவை எழுதுங்கோ, தோந்தோன்" என்றான், மாமா என்று கூப்பிடுகிற மரியாதையோடு. "சைன் வைச்சாப் பிறகு இருக்கிறன்."

வேலை ஒப்பந்தத்தை எழுத இராஜேந்திரன் கணினியைத் திறந்தார். அவர் இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதி முடிக்கும்வரைக்கும், அந்தப் பிள்ளை நின்றுகொண்டேதான் இருந்தான்.